கையே வைக்காதே என்றால் யார் கேட்பார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரண்ட் அடுப்பு பழுதானால் "நீங்களே கழற்றாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்" என்று வீட்டுக் குறிப்புகளில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெருந்துறைப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன், எங்கள் ஊர்களில் அது நடக்காதுங்க. தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரையே திறந்து பார்க்கிறவர்கள் அடுப்பையா விட்டுவைப்பார்கள்? எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துச் சொன்னால்தான் உயிருக்குப் பாதுகாப்பு.

முதலில் பிளக்கை உருவிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் சில பழைய வீடுகளில் சுவிட்சை ஃபேஸில் (கரண்ட் வரும் ஒயரில்) கொடுக்காமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயரில்) கொடுத்திருப்பார்கள், அணைத்த பிறகும் காயிலில், அதாவது சூடாகும் கம்பிச் சுருளில், கரண்ட் நிற்கும்.

கடைக்கு வரும் காயில் அடுப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். சுருள் அறுந்திருக்கும், அறுந்த இரண்டு முனையையும் இழுத்து முறுக்கிவிட்டிருப்பார்கள், அந்த முறுக்கில் மட்டும் கம்பி வெள்ளையாகப் பொரிந்து பீங்கான் தட்டும் விரிசல் விட்டிருக்கும். அறுந்த இடத்தில் கருகியதை வெட்டி எறிய எறிய சுருள் குட்டையாகிறது, குட்டையானால் கரண்ட் கூடுதலாக இழுக்கும். கால்வாசி போனால் 1500 வாட் அடுப்பு 2000 வாட் அடுப்பாகிவிடுகிறது. அதையும் கொண்டுபோய் 6 ஆம்பியர் பிளக்கில் சொருகுகிறார்கள்! முழுச் சுருள் இருந்தாலே அது ஆறரை ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் பவர் பிளக்தான் அதற்குச் சரி. புதுக் காயில் மலிவாகவே கிடைக்கிறது, அதே வாட்ஸ் கேட்டு வாங்கிப் பள்ளத்துக்கு மேலே தூக்காமல் பதித்து மாட்டலாம், இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். தூக்கி நிற்கும் காயிலில் பாத்திரம் பட்டால் ஈரத் தரையில் நின்று கரண்டி போடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து.

ஒயர், பிளக் மாற்றுவதும் அப்படித்தான். பழைய ஒயரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் ஒயர்). இப்போது வருவதில் பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பிளக்குக்குள் எர்த் ஒயரைச் சற்று நீளமாக விடுங்கள், யாராவது இழுத்தாலும் அது கடைசியாகத்தான் கழலும். வேலை முடிந்ததும், பிளக்கைச் சொருகும் முன்பே, மல்டிமீட்டரை 'பீப்' அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பெரிய பின்னிலும் (அதுதான் எர்த்) இன்னொன்றை அடுப்பின் இரும்பு உடம்பில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள், 'பீப்' சத்தம் வர வேண்டும். அப்புறம் மற்ற இரண்டு பின்களுக்கும் உடம்புக்கும் வைத்துப் பாருங்கள், வரவே கூடாது.

"அடுப்பு ஷாக் அடிக்குதுங்க" என்று சொல்லி எர்த் பின்னையே வெட்டிவிட்டு டூ பின்னாக்கிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அடிப்பதற்குக் காரணம் எர்த் ஒயர் அல்ல, எங்கேயோ கசியும் கரண்டை இறக்கிவிட எர்த் வேலை செய்யாததுதான். கோடையில் நம் வறண்ட மண்ணில் எர்த் குழி காய்ந்துபோகும், அப்பப்போ இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், இதை வயர்மேன்களே சொல்ல மறந்துவிடுகிறார்கள். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச்) ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அது டிரிப் ஆனால் எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று பொருள், அதை ஒதுக்கிவிட்டு லைனை நேராகக் கொடுத்துவிடாதீர்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு வேறு விஷயம். ஆறிய பிறகு பிளக்கை உருவி, அடியில் ஃபேன் ஜல்லடையில் அடைத்த தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ்ஷால் எடுக்கலாம், அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உள்ளே போர்டில் இருக்கும் கெப்பாசிட்டரில் (கரண்டைச் சேர்த்துவைக்கும் பாகம்) 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும், பிளக்கை உருவினாலும் உடனே இறங்கும் என்று நம்ப முடியாது. ஃபியூஸ் போயிருந்தால் பெரும்பாலும் வேறு ஏதோ ஷார்ட் ஆகித்தான் போயிருக்கும், கம்பியைச் சுற்றி ஓட்டப் பார்க்காதீர்கள். கண்ணாடி கீறல் விட்டால் ஒட்டி ஓட்டவே கூடாது, பொங்கி வழியும் பால் நேராக உள்ளேதான் இறங்கும்.

புது அடுப்போடு வரும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மூன்று பின், மூன்று நிறம், எது எங்கே என்று தமிழில் ஒரு படம் போடுங்கள் ஐயா, கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
வாசகர்,
பெருந்துறை.