பாயாமல் நின்ற கீப்பர்

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை, மற்றபடி எல்லாரும் நலம்.

கால்பந்து ஆட்டத்தில் எதிரணி பெனால்டி அடித்தபோது, கோல் கீப்பரான உன் பையன் பாயாமல் நடுவிலேயே நின்றான், பந்து ஓரமாகப் போய்க் கோலாகிவிட்டது, கோச் "மரம் மாதிரி நிக்கிறே" என்று கத்தினார் என்று எழுதியிருந்தாய். நீயும் சேர்ந்து திட்டாதே. மைக்கேல் பார்-எலி, ஓஃபர் அசார் முதலான இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை அலசி 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 93.7 சதவீதத்தில் கீப்பர் இடமோ வலமோ பாய்ந்திருக்கிறார். ஆனால் நடுவில் வந்த பந்துகளோ 28.7 சதவீதம்! நின்றாலே தடுக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது அவர்கள் கணக்கு.

பிறகு ஏன் பாய்கிறார்கள்? பதினோரு மீட்டரிலிருந்து வரும் பந்தைப் பார்த்துவிட்டுப் பாய நேரம் இருக்காது, முன்கூட்டியே ஒரு பக்கத்தை முடிவு செய்தாக வேண்டும். பாய்ந்தும் கோல் விழுந்தால் 'பாவம், முயற்சி பண்ணினான்' என்பார்கள். நின்று விட்டால் என்ன கிடைக்கும் என்று உன் பையனுக்கே தெரியும். கீப்பர் பந்தை மட்டுமா தடுக்கிறார், வசவையும் சேர்த்துத்தான்.

1976 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், பெல்கிரேடு. செக்கோஸ்லோவாக்கியாவின் பனெங்கா பெனால்டி அடிக்க வேகமாக ஓடிவந்து, பந்தை நடுவில் மெதுவாகத் தூக்கிவிட்டார். மேற்கு ஜெர்மனியின் கீப்பர் செப் மையர் அதற்குள் இடப்பக்கம் விழுந்து கிடந்தார். கோப்பை போயிற்று. நடுவில் அடித்துக் கீப்பர் அங்கேயே நின்றிருந்தால் பனெங்காவின் மானம்தான் போயிருக்கும். அந்தத் துணிச்சலைத்தான் நான் ரசிக்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்த 286-ல் கீப்பர் நின்றது 18 தடவைதான். அதை வைத்து அடித்துச் சொல்வது கொஞ்சம் அதிகம். தவிர, கீப்பர்கள் எல்லாரும் நாளை முதல் நடுவில் நின்றால் அடிப்பவர்கள் ஓரத்துக்கு மாறிவிட மாட்டார்களா? எனவே எப்போதும் நிற்கச் சொல்லாதே. இடையிடையே நிற்கட்டும், எப்போது நிற்பான் என்று எதிரணிக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். கோச்சிடம் மட்டும் முன்னாலேயே சொல்லி வைக்கட்டும்.

அப்புறம், பொங்கலுக்கு வருகிறாய்தானே? டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது.

அன்புடன்,
கணேசன்