காட்டோர ஊர்களுக்கு யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல், வெள்ள எச்சரிக்கைகள் இப்போது கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் ஒட்டிய பல ஊர்களில் சிக்னலே கிடைப்பதில்லை. அங்கே யார் போய்ச் சொல்வது?

வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேரைப் பறிகொடுத்த பிறகு, ஊர்தோறும் தன்னார்வலர்களைத் திரட்டினார்கள். மெகாபோன், கையால் சுற்றும் சைரன், கொடிகள், இவ்வளவுதான் கருவிகள். ஒரு கொடி மூன்றானால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். 2007இல் சிதர் புயல் அந்நாட்டின் சுந்தரவன அலையாத்திக் காட்டுப் பகுதியில் கரையேறியபோது இறந்தவர்கள் சில ஆயிரம் பேர். அதுவும் பெரிய இழப்புதான், ஆனாலும் 1970ஐ நினைத்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கிறது! காற்றின் வேகத்தை அலையாத்திக் காடும் தாங்கிக்கொண்டது.

எச்சரிக்கை காதில் விழுந்தும் பலர் கிளம்புவதில்லை. மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டு எப்படி வருவது? அதனால்தான் வங்கதேசத்தில் ஆடுமாடுகளை ஓட்டிப்போய் நிறுத்த உயரமான மண்மேடுகள் எழுப்பினார்கள். புகலிடம் என்றதும் கட்டடத்தை மட்டுமே நினைக்கும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

புயல் ஓய்ந்த பிறகும் துயரம் ஓய்வதில்லை. 2009இல் ஐலா புயலின்போது சுந்தரவனத்தில் கரை உடைந்து உப்புநீர் வயலில் ஏறியது. விளைச்சல் போனதும் பலர் வெளியூர்களுக்குப் பிழைக்கப் போனார்கள். நண்டுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகிறவர்களுக்கோ புலி பயம். ஊரைக் கைவிட்டுவிட்டுக் காட்டை மட்டும் காப்பாற்ற முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இத்தகைய ஊர்களுக்கு மிக அருகில் இருப்பவர்கள் வனக்காவலர்கள். வயர்லெஸ், வண்டி, காட்டுவழி தெரிந்த ஆட்கள் எல்லாம் அவர்களிடம் உண்டு. 2019இல் இடாய் புயல் ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கைத் தாக்கியபோது கோரோங்கோசா தேசியப் பூங்காவின் காவலர்களே சுற்றுவட்டார மக்களுக்கு உணவு கொண்டு சேர்த்தார்கள். மற்ற இடங்களிலும் இது அவர்கள் கடமையாக எழுத்தில் இருக்க வேண்டும். எந்தச் சாவடி எந்த ஊருக்குத் தகவல் சொல்வது, காட்டுப்பாதையின் கேட்டை யார் திறப்பது, கால்நடையை எங்கே ஏற்றுவது என்பதையெல்லாம் மழைக்காலத்துக்கு முன்பே ஊர்மக்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தே ஆக வேண்டும். 1991 வங்கதேசப் புயலில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்