புல் டீ ஜூன் முதல் மூடியிருக்கும்

வணக்கம்.

ஜூன் முதல் வாரத்திலிருந்து ஏறக்குறைய எட்டு வாரம் நம் கோல்ஃப் பயிற்சி ரேஞ்சில் புல் டீ, அதாவது புல்தரையில் பந்தை வைத்து அடிக்கும் இடம், புதிதாகப் புல் வளர்ப்பதற்காக மூடியிருக்கும். மேட் என்னும் செயற்கை விரிப்பில் வைத்து அடிக்கும் பகுதி வழக்கம்போல இயங்கும். சர்ஜாபூர் ரோடு நெரிசலில் நீந்தி வந்து சேர்ந்த பிறகு கயிறு கட்டியிருப்பதைப் பார்த்து நீங்கள் ஏமாறக் கூடாது, அதனால்தான் இப்போதே எழுதுகிறோம்.

நர்சரியிலிருந்து புல்லைப் பாய் பாயாக வாங்கி விரித்தால் சீக்கிரம் முடிந்துவிடுமே என்று பலர் கேட்டீர்கள். முடியும், பார்க்கவும் பச்சைப்பசேல் என்று இருக்கும். ஆனால் கோளாறு இருப்பது அடிமண்ணில். நம்முடையது செம்மண், வருஷக்கணக்காகக் கால் மிதியும் ரோலரும் பட்டு இறுகிக் கிடக்கிறது, தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் ஓடுகிறது, வேர் இரண்டு விரற்கடைக்குக் கீழே போவதில்லை. அதன்மேல் எவ்வளவு நல்ல பாயை விரித்தாலும் உங்கள் அயர்ன் மட்டை படும் இடத்தில் புல் வேரோடு பெயர்ந்து வரும், அடுத்த கோடைக்குள் மறுபடி மொட்டைத் தரைதான். போதாததற்கு நர்சரி மண்ணோடு கோரைக்கிழங்கும் வந்து சேரும்.

கோரையைப் பற்றி ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்தவுடன் ரோட்டவேட்டர் விட்டால் சங்கிலி போல மண்ணுக்குள் கோர்த்துக் கிடக்கும் கிழங்குகள் தனித்தனியாக அறுந்து ஒவ்வொன்றும் முளைக்கும். அதனால் முதலில் தண்ணீர் விட்டு அதை முளைக்கவிடுவோம், பிறகு களைக்கொல்லி அடிப்போம், மிச்சம் தலைகாட்டினால் இன்னொரு தடவை. எட்டு வாரத்தில் கணிசமான பங்கு இதற்கே போகும், இதில் அவசரப்படுவதாக இல்லை. மருந்து அடிக்கும் நாட்களில் குழந்தைகளைக் கயிற்றுக்கு இப்பால் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மண்ணைக் கிளறி, மணலும் மட்கிய எருவும் கலந்து, நூறு அடிக்கு ஓர் அடி சரிவு வைத்துச் சமன் செய்து விதைப்போம். விதை பெர்முடா, அதாவது பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்லின் இனமேதான். தரைக்கு மேலும் கீழும் ஓடிப் பரவுவதால் டிவட் விழுந்த பள்ளத்தை, அதாவது மட்டை பட்டுப் புல் பெயர்ந்த இடத்தை, தானே மூடிக்கொள்ளும், டீக்கு இதைவிடப் பொருத்தமான புல் எங்களுக்குத் தெரியவில்லை. கோல்ஃப் மைதானங்களில் போடும் டிஃப்வே மாதிரி கலப்பினங்கள் முளைக்கும் விதை தராது, தண்டைத் துண்டாக்கித்தான் நட வேண்டும். பெர்முடா விதை பொடிப்பொடியாக இருக்கும், ஒரு கிலோவில் 40 லட்சம் விதைக்கும் மேல் இருக்கும். காய்ந்த மணலில் கலந்து பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவி, அரை சென்டிமீட்டர் அளவுக்கு மூடினால் போதும். முளைக்க ஒன்று முதல் இரண்டு வாரம். அதுவரை மேல்மண் காயக் கூடாது, அதனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை லேசாகத் தெளிப்போம், அதுவும் சுத்திகரித்த கழிவுநீரைத்தான். 2024 மார்ச்சில் தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். தண்ணீருக்கு ஊரே அலைந்த கோடை அது, அபராதம் இல்லாவிட்டாலும் புல்லுக்குக் குடிநீர் ஊற்ற எங்களுக்கு மனசு வராது.

ஏன் ஜூன்? பெங்களூரில் பெருமழை செப்டம்பர், அக்டோபரில். அதற்குள் வேர் பிடித்திருந்தால்தான் புல் நிற்கும், தள்ளிப்போட்டால் விதை மழையோடு வடிகாலுக்குப் போய்விடும். தூங்குமூஞ்சி மரத்து நிழலில் இருக்கும் இடது மூலையில் மட்டும் விதைக்கப் போவதில்லை, பெர்முடாவுக்கு நிழல் ஆகாது. அங்கே நிரந்தரமாக மேட்தான்.

திறந்த பிறகு ஒரு உதவி வேண்டும். பந்தை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைக்காமல், முந்தைய டிவட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்து நேர்கோட்டில் அடித்துக்கொண்டே வாருங்கள். பக்கத்தில் உயிருள்ள புல் இருப்பதால் அந்தக் கோடு சீக்கிரம் மூடும், பெரிய வட்டமாகப் பெயர்த்தால் நடு மண் வெகுநாள் வெறுமையாகக் கிடக்கும்.

புல் டீக்கென்று கூடுதல் பணம் கட்டிய கார்டுகளுக்கு, மூடியிருக்கும் நாட்கள் அத்தனையும் காலாவதித் தேதியோடு சேர்க்கப்படும். கார்டைக் கவுன்டரில் ஒருமுறை காட்டினால் அங்கேயே தேதி மாற்றித் தருவார்கள்.

அன்புடன்,
ரேஞ்ச் அலுவலகம்