இனிமேல்தான் யோசிக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அதிவேக இணையம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அமெரிக்காவில் சட்டனூகா நகரம் 2010இலேயே ஊர் முழுக்க நொடிக்கு ஒரு ஜிகாபிட் இணைய வேகம் கொடுத்ததையும், அங்கே பள்ளிப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தபடியே லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள மைக்ராஸ்கோப்பை இயக்கிக் கடல் நுண்ணுயிர்களைப் பார்த்ததையும் அழகாக எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. கடைசியில், "நம் கிராமங்கள் இவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகின்றன என்பதை இனிமேல்தான் யோசிக்க வேண்டும்" என்று முடித்தீர்கள் பாருங்கள், அந்த 'இனிமேல்தான்' மூன்று நாளாகத் தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது.

உங்களுக்குத் தெரியாததா? 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையம் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் இருந்து அலை உயரத்தை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி கட்டி மீனவர்களுக்கு அறிவித்தார்கள். அன்றைய இணையத்தில் ஒரு படம் திறப்பதற்குள் டீ ஆறிப்போகும். ஆனாலும் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதற்கு அந்த வேகம் போதுமானதாக இருந்தது. 2004 சுனாமி அன்று சிங்கப்பூரில் இருந்து வந்த ஒரு போனை வைத்து நல்லவாட்டில் அதே மாதிரி மைய ஒலிபெருக்கியில் எச்சரித்து ஊரையே காப்பாற்றினார்கள். இதையெல்லாம் யோசித்தது யார், சட்டனூகாக்காரர்களா?

எங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, கோபுரத்துக்குக் கோபுரம் வைஃபை பாய்ச்சிக் கிராமத்துக் கண் மையங்களை இணைத்தது. அப்படி ஒரு மையத்துக்கு என் மாமியாரை அழைத்துப் போயிருக்கிறேன். அங்கிருந்த பெண் கண்ணைப் பரிசோதித்துப் படம் அனுப்பினார். திரையில் டாக்டரம்மா வந்து, "பாட்டி, புரை முத்திருச்சு, ஆபரேஷனுக்கு வந்துருங்க" என்றார். மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்துக் கும்பிட்டார். ஆராய்ச்சி, சமூகப் பயன்பாடு என்று நீங்கள் இரண்டு தலைப்பில் எழுதியது அந்தச் சின்ன அறையில் ஒன்றாகத்தான் நடந்தது.

யோசனை கேட்கும் கூட்டமும் எங்கள் ஊரில் நடந்தாயிற்று ஐயா. வெளியூரில் இருந்து வந்த இளைஞர்கள் மஞ்சள், பச்சைச் சீட்டுகளைக் கொடுத்து, "ஆளுக்கு ஒரு ஐடியா எழுதுங்க" என்றார்கள். பால் சொசைட்டி அம்மா ஒருவர், மாட்டின் மடி வீக்கத்தைக் கால்நடை டாக்டர் வீடியோவில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எழுதச் சொன்னார். பத்தாம் வகுப்புப் பையன், கோவை வேளாண் பல்கலைக்கழக மைக்ராஸ்கோப்பில் எங்கள் வாழை இலைப் புள்ளியைப் பார்க்கலாமா என்று கேட்டான் (உங்கள் சட்டனூகா யோசனைதான். பையன் அந்த ஊர்ப் பெயரையே கேட்டதில்லை). தாலுகா ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேனை மதுரை டாக்டர் அன்றைக்கே பார்க்க வேண்டும் என்று நான் எழுதினேன். சீட்டுகளைச் சுவரில் ஒட்டிப் போட்டோ எடுத்தார்கள். மிக்சர் கொடுத்தார்கள். போய்விட்டார்கள்.

ஊராட்சிக் கட்டடத்தில் இணையப் பெட்டி இருக்கிறது. பூட்டிய அறையில், தேர்தல் சமயத்து மேசைகளுக்குப் பின்னால். சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். கம்பங்களில் கட்டி வந்த இணையக் கேபிளை வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று இழுத்துக்கொண்டு போய் ஐந்து மாதம் ஆகிறது. புண்ணியவான் யாரோ அறுந்த இரண்டு முனையையும் தாம்புக்கயிறு மாதிரி முடிச்சுப் போட்டுவிட்டிருக்கிறார். தொலைபேசித் துறையில் 31 வருடம் கேபிள் ஜாயிண்டராக இருந்தவன் நான். ஒளியிழை என்கிற தலைமுடி கனத்துக் கண்ணாடியைத் தோல் உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நேராக வெட்டி, நெருப்புப் பொறியில் ஒட்ட வைத்த கை இது. உடைந்த துணுக்கு விரலில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, தூங்கவும் விடாது. அந்த முடிச்சைப் பார்க்கும்போதும் அப்படித்தான் இருக்கிறது. மெஷின் இருந்தால் ஒரு மதியத்தில் ஒட்டிக் கொடுத்துவிடுவேன். ஓய்வுபெற்றவன் தொடக்கூடாதாம்.

இன்னொன்று. சட்டனூகாவில் அந்த ஒளியிழையைப் போட்டது ஊர் மின்வாரியம். மரம் விழுந்து லைன் போனால், அந்த இழை வழியே சேதி பேசும் சுவிட்சுகள் தாங்களாகவே பழுதான இடத்தைக் கண்டுபிடித்து மின்சாரத்தை வேறு வழியில் திருப்பிவிடும். அந்த ஊருக்கு முதல் லாபம் அதுதான். உங்கள் கட்டுரையாளர் கண்ணில் மைக்ராஸ்கோப் பட்டது, மின்கம்பம் படவில்லை. அப்புறம், கூகுள் தருவதாகச் சொன்ன அதிவேக இணைய இணைப்புக்காக 2010 மார்ச்சில் ஒரு மாதம் தன் பெயரையே 'கூகுள்' என்று மாற்றிக்கொண்ட அமெரிக்காவின் டொபீகா நகரத்தை வியந்து எழுதியிருந்தீர்கள். கடைசியில் இணைப்பு கிடைத்தது பக்கத்து கன்சாஸ் சிட்டிக்கு. அதையும் ஒரு வரி போட்டிருக்கலாம். பெயர் மாற்றினால்தான் ஆகும் என்றால் எங்கள் ஊராட்சியும் தயார், சாவி வைத்திருப்பவர் பெயரையே வைத்துவிடுகிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தினமும் மூன்றாம் பக்கத்தில் 'நாளைய மின்தடை' என்று ஊர்ப் பட்டியல் போடுகிறீர்கள். அதற்குக் கீழே, எந்தெந்த ஊராட்சியில் கேபிள் அறுந்து எத்தனை நாள் ஆகிறது என்று வாரம் ஒரு முறை நான்கு வரி போடுங்கள். எங்கள் ஒன்றியத்துக் கணக்கை நானே எடுத்து அனுப்புகிறேன். சைக்கிள் இருக்கிறது.

என் பெயரைப் போட வேண்டாம். ஊராட்சிச் செயலரும் நானும் ஒரே கடையில்தான் டீ குடிக்கிறோம். போன வருடம் நான் எழுதிய கடிதத்தை ஆறு வரியாகச் சுருக்கியதோடு, 'ஒளியிழை' என்பதை மூன்று இடத்திலும் 'ஒலியிழை' என்று அச்சடித்திருந்தீர்கள். இந்த முறை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த ளகரத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேபிள் ஜாயிண்டர்,
தேனி மாவட்டம்