சப்ளை சாராகப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஜனவரியிலிருந்து ஆண்கள் பள்ளி ஒன்றில் ஸ்பானிஷ் எடுக்கப் போவதாகச் சொன்னாய். பேறுகால விடுப்பில் போகிற ஆசிரியைக்குப் பதிலாக, ஜூலை வரை. "அக்கா, பசங்களை எப்படிச் சமாளிக்கிறது?" என்று நீ கேட்கவும் என் பஸ் வரவும் சரியாக இருந்தது. அன்று விட்ட மீதிதான் இது. உன்னை மாதிரி இன்னும் நாலு பேர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நான் லண்டனில் அப்படி ஒரு பள்ளிக்குள் நுழைந்தது 2024 செப்டம்பரில். ஸ்பானிஷ் டீச்சருக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. ஜூலை 14 அன்று பெர்லினில் நடந்த யூரோ கால்பந்து இறுதியில் இங்கிலாந்தை 2-1 என்று ஸ்பெயின் வீழ்த்தியிருந்தது. இயர் 9 (பதின்மூன்று, பதினான்கு வயது) வகுப்பில் ஒருத்தன், "அவங்க மொழி எங்களுக்கு எதுக்கு மிஸ்?" என்று புத்தகத்தையே திறக்கவில்லை. 86-ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் வெற்றி கோலை அடித்தது யார் என்று கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு "ஓயார்ஸபால்" என்றான். திட்டுகிற தொனிதான், ஆனால் உச்சரிப்பு சுத்தம். அதையே அவனுடைய முதல் ஸ்பானிஷ் சொல்லாக வைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிட்டது. "மிஸ், நீங்க சப்ளையா?" நம் ஊரில் சப்ளையர் என்றால் இலை போட்டு இட்லி வைக்கிறவர். இங்கே சப்ளை என்றால் இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிற டீச்சர். அவர் இருக்கும் நாளில் பாடம் நடக்காது, வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. நான் "பார்க்கலாம்" என்று மழுப்பினேன். அது பெரிய தப்பு. முந்தைய ஒரே வருஷத்தில் அந்த வகுப்பு மூன்று ஸ்பானிஷ் டீச்சர்களைப் பார்த்திருந்தது. நானும் போய்விடுவேன் என்று முடிவு செய்தே என்னைச் சோதித்தார்கள். இரண்டாவது வாரம் அதே கேள்வி திரும்ப வந்தபோது, பலகையின் மூலையில் ஸ்பானிஷில் 'ஜூலை வரை' (hasta julio) என்று எழுதினேன். "ஹஸ்தா ஜூலியோ" என்று படித்தார்கள். இல்லை, "அஸ்தா ஹூலியோ". எழுதியிருக்கிற ஹ வாயில் வராது, ஜ இருக்கிற இடத்தில் ஹ வரும். "இது என்ன அநியாயம்" என்று ஒரு சண்டை கிளம்பியது. நான் அங்கே நடத்திய முதல் உருப்படியான பாடம் அந்தச் சண்டைதான். பலகையில் எழுதியதை நான் அழிக்கவே இல்லை. நீயும் முதல் நாளே உன் மாதத்தை எழுதிவிடு.

ஆண் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வகுப்பில் வாய்விட்டுப் பேச வைப்பதுதான் பெரிய பாடு. ஒருத்தன் சொதப்பினால் முப்பது பேர் சிரிப்பார்கள். வயதைச் சொல்லும் பாடத்தில் இது உச்சத்துக்குப் போகும், தயாராக இரு. 'ஆஞோ' என்றால் வருஷம். அதில் வரும் ñ எழுத்தின் தலையிலிருக்கும் நெளிகோட்டை விட்டுவிட்டு 'ஆனோ' என்றால் ஆசனவாய். ஒருத்தன் தனக்குப் பதின்மூன்று ஆசனவாய் என்று எழுதிக் கொடுத்தான். நான் பதறாமல் அர்த்தத்தைச் சொல்லிவிட்டேன். வகுப்பு ஐந்து நிமிடம் கூரையைப் பிய்த்தது. அப்புறம் ஜூலை வரை எவனும் அந்தக் கோட்டை மறக்கவில்லை. நமக்கு அந்த எழுத்து ஞ, பிறந்ததிலிருந்து இருக்கிறது. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய் என்கிற இடத்தில் எல்லாரையும் சேர்ந்து 'ர்ர்ர்' என்று மோட்டார் பைக் ஓட்டச் சொல். கூட்டத்தோடு கத்தும்போது கூச்சம் இருக்காது.

உனக்கு இன்னொரு வசதி உண்டு. 'எனக்குப் பிடிக்கும்' என்பதை ஆங்கிலப் பழக்கத்தில் "யோ குஸ்தோ" என்று, நான் என்று தொடங்கித்தான் எழுதுவார்கள். சரியானது "மே குஸ்தா எல் ஃபுட்போல்". எனக்குக் கால்பந்து பிடிக்கும், அச்சு அசல் நம் வாக்கியம். 'நான் கால்பந்தைப் பிடிக்கிறேன்' என்றால் தமிழிலும் கோல்கீப்பர் ஆகிவிடுவோம், இல்லையா? பின்வரிசையில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிற ஒரு பையன் இருந்தான். இதை வீட்டில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். காது சிவந்துபோய், மேசையைப் பார்த்தபடி சொன்னான். உடனே பக்கத்திலிருந்தவன் உருதுவில் "முஜே பசந்த் ஹே" என்றான், அதுவும் 'எனக்கு'தான். அன்றைக்கு வகுப்பில் ஆங்கிலம்தான் தனியாக நின்றது. ஆனால் ஒன்று, பிடித்தது ஒன்றுக்கு மேலே போனால் 'குஸ்தா' 'குஸ்தான்' ஆகிவிடும். நம் 'பிடிக்கும்' அசையாது, அதனால் தமிழ்ப் பையன் அங்கே சறுக்குவான்.

இயர் 11, அதாவது பதினைந்து, பதினாறு வயதுப் பசங்கள் பற்றித்தான் எனக்குக் கவலை. 2024 செப்டம்பரில் தொடங்கிய புதிய ஜிசிஎஸ்இ (அந்த வயதில் எழுதும் பொதுத்தேர்வு) பாடத்திட்டத்துக்கு 2026 கோடையில்தான் முதல் தேர்வு, அது உன் தலையில் விழுகிறது. தேர்வில் இரண்டு நிலை உண்டு; கீழ்நிலைக்கு 1,200 சொல், மேல்நிலைக்கு 1,700 சொல் என்று பட்டியல் இருக்கிறது. சொல்வதைக் கேட்டு எழுதுவதும், சத்தமாக வாசிப்பதும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. பேச்சுத் தேர்வு ஏப்ரல், மே வாக்கில் வரும், அதை நடத்திப் பதிவு செய்ய வேண்டியது நீதான். மொத்த மதிப்பெண்ணில் அது கால்வாசி. எந்தப் பையன் எந்த நிலை என்பதை விடுப்பில் போகும் ஆசிரியையிடம் இப்போதே கேட்டு வாங்கிவிடு. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று நாலு தாளும் ஒரே நிலையில்தான் எழுத வேண்டும், பேச்சில் மேல் எழுத்தில் கீழ் என்று பிரிக்க முடியாது. குழந்தை பிறந்த பிறகு அவருக்கு மெயில் அனுப்பித் தொல்லை கொடுக்காதே.

சம்பள விஷயம். முடிந்தால் பள்ளியோடு நேரடி ஒப்பந்தம் போடு. பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் ஏஜென்சி வழியாகப் போனால், அதே இடத்தில் அதே வேலையில் 12 வாரம் முடிந்த பிறகு, நிரந்தர ஆசிரியருக்குச் சமமான அடிப்படைச் சம்பளம் கேட்க உனக்கு உரிமை உண்டு. எனக்குப் பதினாறாவது வாரத்தில்தான் தெரிந்தது. ஏஜென்சி தானாக வாய் திறக்கவில்லை, நான் கேட்ட பிறகுதான் சரிசெய்தார்கள்.

அப்புறம், புத்தக அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் நாள் காலையிலேயே கேட்டுவிடு. எனக்கு அது கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. முதல் நாள் சாயங்காலம் எனக்குக் கூப்பிடு. ஆறு மணிக்கு மேலே கூப்பிடு, அதற்கு முன்னால் என்றால் மறுபடியும் பஸ் வந்துவிடும்.

அன்புடன்,
அக்கா