சிறுவர் பக்கத்தில் புளுகு அகராதிக்கு ஓர் இடம் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் திங்கள்சந்தைப் பக்கம் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள். மெஷின் போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் சிறுவர் பக்கத்துக்கு எங்கள் வீட்டு வராந்தாவில் எப்போதும் பிடிவலிதான். அதில் குறுக்கெழுத்தும் ஆறு வித்தியாசமும் போடுகிறீர்கள். கூடவே இன்னொரு விளையாட்டையும் சேர்க்க முடியுமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை. மழைச் சாயங்காலத்தில் கரண்ட் போனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என் வராந்தாவுக்கு வந்துவிடும். போன ஐப்பசியில் பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் வந்திருந்தான். அவன்தான் இதைச் சொல்லிக் கொடுத்தான். ஒருவர் அகராதியைத் திறந்து யாருக்கும் தெரியாத ஒரு சொல்லை எடுப்பார். மற்றவர்கள் அதற்கு நிஜம் போலவே ஒரு பொருளை இட்டுக்கட்டித் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அகராதியில் உள்ள பொருளையும் ஒரு தாளில் எழுதி, எல்லாவற்றையும் கலந்து, ஒரே குரலில் வாசிக்க வேண்டும். எது மெய் என்று கண்டுபிடித்தவருக்கு இரண்டு புள்ளி. நம் புளுகை நம்பியவர்களுக்குத் தலைக்கு ஒன்று வீதம் நமக்குப் புள்ளி. ஆங்கிலம் பேசும் நாடுகளில் ரொம்ப காலமாக வீட்டில் விளையாடுவது இது. 1984-இல் கனடாவில் பால்டர்டாஷ் என்று பெயர் வைத்துப் பெட்டியில் போட்டு விற்கவும் தொடங்கினார்களாம். எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் புளுகு அகராதி.

அவன் முதலில் ஆங்கில அகராதியைத்தான் எடுத்தான். பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். அந்தச் சொற்களில் பிடித்து ஏற அவர்களுக்கு ஒரு கணுவும் கிடைக்கவில்லை. சரி, தமிழில் பார்ப்போம் என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெரிய அகராதியான தமிழ் லெக்சிகனை என் போனில் திறந்தேன். கரண்ட் வந்த பிறகும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

அன்று எடுத்த முதல் சொல் கொண்மூ. நான் பிளவுஸ் அளவு வெட்டுகிற காக்கித்தாளைத் துண்டு போட்டுக் கொடுத்தேன். ‘மூன்று கொண்டை போட்ட கோழி’ என்றான் ஒருவன். ‘கொம்பில்லாத மாடு’ என்றான் இன்னொருவன். எதிர்வீட்டு ஏழாம் வகுப்புக்காரி பென்சிலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்துவிட்டு, ‘மூக்குத்தியின் உள்பக்கம் போடும் திருகு’ என்று எழுதினாள். ஐந்து பேர் அதைத்தான் மெய் என்றார்கள். கொண்மூ என்றால் மேகம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பெண்ணிடம், “எப்படி மக்களே இதைப் பிடித்தாய்?” என்று கேட்டேன். “கொண்-ல கொண்டியும் மூ-ல மூக்கும் இருக்கே சித்தி” என்றாள்.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான். பொய் சொல்லவும் சொல்லை உற்றுப் பார்த்தாக வேண்டும். எங்கே பிரியும், எதோடு ஒட்டும், வினையா பெயரா என்று பிள்ளைகள் தாமாகவே பிரித்துப் பார்க்கிறார்கள். இரண்டாவது வாரத்திலேயே அகராதியின் பேச்சு அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. லெக்சிகனில் மரவகை, மீன்வகை, நெல்வகை என்று ஒரே சொல்லில் பொருள் முடிந்துவிடும் இடங்கள் நிறைய உண்டு. ஆகுளி என்ற சொல் வந்தபோது ஒரு பையன் ‘நெல்வகை’ என்று மட்டும் எழுதினான். அத்தனை பேரும் விழுந்துவிட்டார்கள். ஆகுளி ஒரு சிறுபறை. அசுணம் வந்தபோது நேர்மாறாக நடந்தது. ‘இசையை அறியும் ஒரு விலங்கு’ என்று அகராதியில் உள்ள பொருளை நான் வாசித்ததும், இது சுத்தப் புளுகு என்று எல்லாரும் தள்ளிவிட்டார்கள். யாழின் இசையில் மயங்கி வரும், பறை முழங்கினால் உயிரை விடும் என்று பழைய ஆட்கள் நம்பிய விலங்கு அது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் வராந்தாவில் சத்தமே இல்லை. கடைக்குட்டி மட்டும், “பாவம் அது” என்றாள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே ‘பன்னாடை’ என்ற சொல்லைக் கொடுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அது திட்டுகிற வார்த்தை என்று தெரியும், அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று வந்த தாள்களில் மெய்யான பொருளுக்கு ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. பனையிலும் தென்னையிலும் மட்டையின் அடியைச் சுற்றி வலை போல நெய்திருக்குமே, அதுதான் பன்னாடை. வடிகட்ட உதவும். நெய்யை வடித்தால் நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்லதை விட்டுவிட்டு வேண்டாததை மட்டும் பிடித்து வைக்கிற மாணாக்கனுக்கு நன்னூல் சொல்கிற உவமையும் இதுதான், அங்கே நெய்யரி என்று வருகிறது.

என் அப்பா பனையேறி. காலையும் மாலையும் ஏறி இறக்கி, எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தவர். மரத்தில் முதல் பிடிக்குச் சாய்த்து வைக்கிற முருக்குத்தடி, காலில் மாட்டுகிற தளைநார், இடுப்பில் தொங்குகிற அருவாப்பெட்டி, பாளை சீவுகிற அருவாள், கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு, இதெல்லாம் எங்களுக்குச் சோறு மாதிரி. பதநீரை நாங்கள் அக்கானி என்போம். முருக்குத்தடி என்று சொல்லி எழுதச் சொன்னபோது, ‘முறுக்கு பிழிகிற கட்டை’ என்று என் தங்கை மகளே எழுதினாள். அவள் தாத்தாவின் கையில் காய்ப்பேற்றிய தடி அது. எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது. அவள் மேல் தப்பில்லை. அவள் பிறக்கும்போது அப்பா மரம் ஏறுவதை நிறுத்தி வருஷம் பல ஆகிவிட்டது, நாங்களும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை.

அப்புறம் விதியை மாற்றினோம். அகராதிச் சொல் ஒன்று என்றால், வீட்டுச் சொல் ஒன்று. பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் தொழிலில் இருந்து ஒரு சொல் கொண்டுவரலாம், ஆனால் பொருள் சொல்ல அந்தப் பெரியவரே சாட்சி. முட்டத்தில் இருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த ஒரு பையன் ‘கச்சான்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தான். கடல் எங்களுக்கு அரைமணி நேர பஸ் தூரம். எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேற்கில் இருந்து அடிக்கிற காற்று அது, அவன் அப்பா அந்தக் காற்றைப் பார்த்துத்தான் வள்ளம் இறக்குவாராம். அன்று பாட்டி ஊர் இலங்கையாக உள்ள ஒரு பெண் ‘வேர்க்கடலை’ என்று எழுதியிருந்தாள். மெய் எது என்று சொன்ன பிறகும் அவள் விடவில்லை, “எங்க வீட்ல கச்சான்னா கடலைதான்” என்று நின்றாள். போனில் பாட்டியைக் கூப்பிட்டோம். “ஓம் பிள்ளை, வறுத்த கச்சான் எண்டுதானே விப்பினம்” என்றார். இரண்டையும் மெய் என்று ஒத்துக்கொண்டு புள்ளி போட்டோம்.

இதில் ஒரு தவறும் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஞமலி என்ற சொல்லுக்கு ஒரு பையன் ‘கிணற்றுக் கயிற்றில் விழும் முடிச்சு’ என்று இட்டுக்கட்டினான். நன்றாக இருந்தது, எல்லாரும் ரசித்தோம். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஞ-வில் தொடங்கும் சொல்லும் பொருளும் எழுதச் சொன்னபோது இன்னொரு பிள்ளை அதையே எழுதிவிட்டு மார்க்கை இழந்தது. ஞமலி என்றால் நாய். அந்தப் பிள்ளையின் அம்மா என் முற்றத்தில் வந்து நின்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் புளுகுத் தாள்களைக் கிழித்துவிடுகிறோம். மெய்ப்பொருளை எல்லாரும் சத்தமாக ஒரு முறை சொல்லி, என் பழைய பில் புக்கில் தேதி போட்டு எழுதுகிறோம். இப்போது அதில் அறுபத்து மூன்று சொற்கள் இருக்கின்றன.

லெக்சிகனைப் பற்றி ஒரு வார்த்தை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939-இல் அனுபந்தமாகவும் வந்த பெரிய வேலை அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. அதன் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளை அதற்கு முன்பு திருவனந்தபுரத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர். நாஞ்சில் நாட்டு வழக்கு என்று தனியாகக் குறிப்புப் போட்ட சொற்களும் அதில் இருக்கின்றன. அந்தக் குறிப்பை முதலில் பார்த்த அன்று, “நம்ம ஊர்ப் பேச்சா சித்தி, புஸ்தகத்திலயா?” என்று பிள்ளைகள் போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். அச்சுத் தொகுதியைக் கையில் கொடுத்துக் காட்டலாம் என்று ஒரு நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடி அலமாரிக்குள் தெரிந்தது, சாவி வைத்திருப்பவர் லீவு என்றார்கள். இரண்டு முறை போனோம், இரண்டு முறையும் கண்ணாடி வழியாக முதுகை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு சொல் போடுங்கள். கீழே நான்கு பொருள், அதில் ஒன்று மெய். விடையை அடுத்த வாரத்துக்குத் தள்ளாமல் அதே பக்கத்தின் மூலையில் தலைகீழாக அச்சிடுங்கள், ஞமலியில் நாங்கள் பட்டது போதும். மாதத்தில் ஒரு வாரமாவது வாசகர் வீட்டுத் தொழிலில் இருந்து வந்த சொல்லாக இருக்கட்டும். பனையேறி, மீன்பிடிக்கிறவர், கொத்தனார், ரப்பர் பால் வெட்டுகிறவர், தோவாளையில் பூக்கட்டுகிறவர் என்று எழுதி அனுப்ப ஆட்கள் இருக்கிறார்கள். அனுப்புகிறவரின் ஊர்ப்பெயரைச் சொல்லுக்குப் பக்கத்தில் போடுங்கள். ஒரே சொல்லுக்கு வேறு ஊரில் வேறு பொருள் உண்டு என்று யாராவது எழுதினால் அதையும் போடுங்கள்.

பில் புக்கில் இருந்து பன்னிரண்டு சொற்களை மெய்ப்பொருளோடு தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். முருக்குத்தடி என்ற சொல்லுக்கு நேரே உள்ள பொருளை என் தங்கை மகள் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
திங்கள்சந்தை, கன்னியாகுமரி மாவட்டம்.