போலீஸுக்குப் போகும் உத்தரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

தேர்தல் வந்தாலே மதக் கலவரமும் கூடவே வருகிறதே, மக்களுக்குள் இத்தனை வெறி எங்கே இருந்தது என்று கேட்டிருந்தாய். வெறியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் போலீஸ் என்ன செய்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

பீகாரின் பாகல்பூரை எடுத்துக்கொள். 1989 நவம்பரில் மக்களவைத் தேர்தல். அதற்கு முந்தைய மாதங்களில், ராமர் கோயில் கட்ட அயோத்திக்குச் செங்கல் கொண்டுபோகும் ராமசிலா ஊர்வலங்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. அக்டோபர் 24 அன்று பாகல்பூரின் ததார்பூர் பகுதியில் ஊர்வலம் தகராறில் முடிந்தது. விடுதிகளில் இந்து மாணவர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். லோகாய்ன் கிராமத்தில் 116 பேரைக் கொன்று புதைத்து, மேலே காலிஃபிளவர் நட்டுவிட்டார்கள். அதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் ஒரு போலீஸ் அதிகாரியும் உண்டு. அந்தத் தீர்ப்பு வந்தது 2007-இல். பதினெட்டு வருஷம், சேகர்!

அந்தத் தேர்தலில் பீகாரின் 54 தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை நான்கு. அப்போது மாநிலத்தை ஆண்ட அந்தக் கட்சியை விட்டு முஸ்லிம்கள் விலகிப் போனதும் அதற்கு ஒரு காரணம். அப்புறம் 1990-இல் முதல்வரான லாலுவுக்கு அவர்கள் ஓட்டு கட்டாயம் வேண்டியிருந்தது. அந்த அக்டோபரிலேயே, ராமர் கோயிலுக்காக பா.ஜ.க. தலைவர் அத்வானி நடத்திய ரத யாத்திரையை சமஸ்திபூரில் நிறுத்தி அவரைக் கைது செய்தார். கலவரம் நடந்தால் பொறுப்பு உங்கள் தலையில்தான் என்று அதிகாரிகளிடம் சொல்லியும் வைத்தார். 1992 டிசம்பரில் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு மும்பையில் இரண்டு கட்டமாக நடந்த கலவரத்தில் சுமார் 900 உயிர்கள் போயின. பீகார் அந்த அளவுக்கு எரியவில்லை. அதே வருஷம் அக்டோபரில் சீதாமடியில் கலவரம் நடந்ததை நான் மறைக்கவில்லை. ஆனாலும் மூன்று வருஷத்தில் அங்கே மதமா மாறிவிட்டது? மேலிருந்து வந்த உத்தரவுதான் மாறியது.

இதில் எனக்கு ஆறுதலும் உண்டு, பயமும் உண்டு. ஓட்டு தேவைப்படும் வரை காப்பாற்றுவார்கள். அந்த ஓட்டு இல்லாமலே ஜெயிக்க முடியும் என்று ஒரு கட்சி கணக்குப் போட்டுவிட்டால், கலவரத்தை அடக்கு என்று மாவட்டப் போலீஸ் தலைவரான எஸ்.பி.க்கு யார் போன் செய்வார்கள்? அதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

நீ எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராக இருந்தவன். பதற்றமான சாவடிகள் என்று எதை வைத்து முடிவு செய்வார்கள், அங்கே போலீஸ் எப்படி நடந்துகொண்டது என்று விரிவாக எழுது.

அன்புடன்,
மூர்த்தி